மாதம் தொண்ணூறு வெள்ளி

ஜொகூருக்கு மாற்றலாகிப் போன பெங் லான்
பாதி விலைக்கு என் தலையில் கட்டிவிட்டுப் போனது
இந்த உறுப்பினர் அட்டை.
தஞ்சோங் பூங்காவில், கடலைப் பார்த்த மஞ்சள் கட்டடம்.
நீச்சல் குளம், ஸ்நூக்கர், சீட்டு மேசை,
செவ்வாய்தோறும் மீன்தலைக் கறி.
மாதம் தொண்ணூறு வெள்ளி,
போனாலும் போகாவிட்டாலும்.

மருத்துவமனையில் பில் போடுகிறவள் நான்.
வகுக்காமல் எதையும் பார்க்கத் தெரியாது.
முதல் மாதம் ஒரே முறை போனேன்,
குளத்தில் கால் நனைத்து ஏறிவிட்டேன்:
ஒரு கணுக்காலுக்கு நாற்பத்தைந்து வெள்ளி.

அடுத்த மாதம் கங்கணம் கட்டிக்கொண்டேன்.
தினமும் போனால் நாளுக்கு மூன்று வெள்ளி
(பிப்ரவரி மட்டும் இருபத்தொரு காசு கூடக் கடிக்கும்).
மலாய்ப் பேப்பர், இங்கிலீஷ் பேப்பர், சீனப் பேப்பர்
மூன்றையும் படித்தேன், சீனத்தில் படம் மட்டும்.
தமிழ்ப் பேப்பர் கேட்டு ஆலோசனைப் பெட்டியில் சீட்டுப் போட்டேன்.
மூன்று வாரம் கழித்து வந்தது, முந்தின நாளுடையது.
முடி உலர்த்தும் கருவியில் குடையை உலர்த்தினேன்.
பல் குத்தும் குச்சிகூட இரண்டாக எடுத்தேன்.

பேச்சுக்கு மட்டும் வரவு விழவில்லை.
முகப்பில் ரொஸ்மாவாத்தி, "சுடா மக்கான்?"
அதற்குமேல் இல்லை.
ஸ்நூக்கர் மேசையில் மிஸ்டர் கூ,
முப்பத்தோரு வருட உறுப்பினர்,
தன்னோடு தானே ஆடித் தோற்றுக்கொண்டிருப்பார்.

தைப்பூசம் முடிந்த வாரம் பெரிய குழாய் உடைந்தது.
ஜெலுத்தோங்கில் நான்கு நாள் தண்ணீர் இல்லை.
லாரித் தண்ணீர் வாசலோடு சரி,
பதினான்காம் மாடிக்கு ஏறி வருவதற்குள்
வாளி பாதி, மனசு கால்.
விதிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன்.
பக்கம் பதினேழு:
நாளொன்றுக்கு ஓர் உறுப்பினர்
ஐந்து விருந்தினரை அழைத்து வரலாம்.
கட்டணம் இல்லை. உடை நாகரிகமாக இருத்தல் வேண்டும்.

கமலவேணி, அவளுடைய இரட்டைப் பிள்ளைகள்,
எதிர்வீட்டு ஹஸ்னா, சக்கர நாற்காலியில் அவள் அம்மா.
ஐந்து.
கல்யாணத்துக்குப் போவதுபோல் உடுத்திக்கொண்டு போனோம்,
பைக்குள் துண்டும் சோப்பும்.
சுடுதண்ணீர் விழுந்ததும் அந்த அம்மாள் சிரித்தது
ஸ்நூக்கர் மேசைவரை கேட்டதாம்.

மறுநாள் செயலாளரின் கடிதம், முத்திரையோடு:
குளியலறையைக் குளிப்பதற்காகவே பயன்படுத்துவது
கிளப்பின் நோக்கத்துக்கு ஏற்றதன்று.
இரண்டு முறை படித்தேன்.
அடியில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன்:
பின்னே எதற்கு?

அன்று மாலை என்னோடு பதினொரு பேர்.
நேப்பாளத்துக் காவலாளி பிக்ரம்கூட,
கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு.
ஏட்டில் ஐந்தாவது பெயர் எழுதியதும்
ரொஸ்மாவாத்தியின் பேனா நின்றது.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
நான் ஏசி காற்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விரலெல்லாம் நீலச் சுண்ணாம்போடு கூ வந்தார்.
ஏட்டைத் தன் பக்கம் திருப்பினார்.
"முப்பத்தோரு வருஷம். என் பேரில் ஒரு விருந்தாளி இல்லை.
இன்னும் எத்தனை பேர்?"
ஆறு.
ஐந்து பேரை எழுதினார், ஒவ்வொருவரிடமும்
எழுத்துக்கூட்டச் சொல்லி, மெதுவாக.
ஆறாவது ஆளுக்கு
சீட்டு மேசையிலிருந்து ஒருத்தி கை தூக்கினாள்,
கையிலிருந்த சீட்டை யாருக்கும் காட்டாமல்.

தண்ணீர் வந்துவிட்டது.
ஏட்டின் அந்தப் பக்கம் ஈரத்தில் நெளிந்து காய்ந்திருக்கிறது,
எப்போது பிரித்தாலும் அங்கேயே திறக்கிறது.
செயலாளர் பதில் இன்னும் வரவில்லை.

சானா அறைக்கு மட்டும் நான் போனதேயில்லை.
சும்மாவே வேர்க்கிற ஊரில்
காசு கொடுத்து வேறு வேர்க்க வேண்டுமா?
ஆனால் தொண்ணூறுக்குள் அதுவும் அடக்கம்.
வியாழக்கிழமை போகிறேன்.
கமலவேணி வருகிறாள்.
துண்டு அவளே கொண்டுவருகிறாளாம்.